கவரேஜ் இல்லாத காவல் கொட்டிலில் புளூடூத் ஸ்பீக்கர் பாடுவது எப்படி?

முத்தையன்கட்டுப் பக்கம் வயற்காவலுக்குப் போகும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காவல் கொட்டிலில் போனுக்கு ஒரு கோடு கவரேஜும் இல்லை, ஆனால் புளூடூத் ஸ்பீக்கரில் விடிய விடியப் பாட்டுப் போகிறது. அது எங்கேயிருந்து சிக்னல் எடுக்கிறது, டேட்டா வெட்டுமா என்பது முதல் கேள்வி. வீட்டில் ஒழுங்காகப் பாடும் அதே ஸ்பீக்கர் கோயில் பொங்கலன்று விட்டு விட்டுப் பாடி மானத்தை வாங்கியது ஏன் என்பது அடுத்தது. பக்கத்து வீட்டுப் பெடியன் கேட்காமலே தன் போனிலிருந்து இவருடைய ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறானாம். அப்படியென்றால் வீட்டில் கதைப்பதையும் அவன் கேட்கலாமா என்று கடைசியில் ஒரு பயம். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் தம்பி உண்மையில் கேட்பது ஒன்றைத்தான்: வயரும் இல்லை, டவரும் இல்லை என்றால் இந்த இரண்டு சாமானும் எதை நம்பி ஒன்றோடொன்று கதைக்கின்றன?

நான் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஒரு சின்னத் திருத்தகம் வைத்திருக்கிறேன். தொழில் பழகியது ரேடியோவில். 90களில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் பிறக்கும் கரண்டில் சுற்றியிருந்தவர்கள் செய்தி கேட்பார்கள். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துப் போகும். அந்தப் பெடலை நானும் சுற்றியிருக்கிறேன். கைத்தொலைபேசி எங்கள் பக்கம் பரவியது 2009க்குப் பிறகுதான். அதன் பிறகு கடைக்கு வருவது பெரும்பாலும் போனும் அதன் பரிவாரங்களும். ஆனாலும் புளூடூத்தை இன்றைக்கும் ரேடியோக்காரன் கண்ணால்தான் பார்க்கிறேன், அதுதான் சரியான பார்வை என்றும் நினைக்கிறேன். உங்கள் போனுக்குள் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையமும் ஒரு குட்டி ரேடியோவும் சேர்ந்தே இருக்கின்றன. ஸ்பீக்கருக்குள்ளும் அதே சோடி. ஒன்று சொல்ல மற்றது கேட்கும், பிறகு மற்றது சொல்ல இது கேட்கும். டவர் இந்தக் கதைக்குள் வருவதேயில்லை.

சந்தேகமென்றால் இன்றிரவே கொட்டிலில் செய்து பாருங்கள். போனில் அந்தப் பிளேன் படத்தை அமத்துங்கள். சில போன்களில் புளூடூத்தும் சேர்ந்து நின்றுவிடும். அதை மட்டும் திரும்பப் போடுங்கள். சிம் செத்துக் கிடக்கும், பாட்டுப் போய்க்கொண்டிருக்கும். போனுக்குள் ஏத்தி வைத்த பாட்டென்றால் டேட்டா ஒரு சதத்துக்கும் வெட்டாது. யூரியூப்பில் ஓட விட்டுக் கேட்டால் வெட்டுவது யூரியூப்புக்குத்தான், அங்கேயிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வழிக்கு இல்லை. இதில் இன்னொரு இலாபமும் இருக்கிறது. கவரேஜ் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பற்றரியைத் தின்னும். காட்டோரத்தில் சார்ஜ் கெதியாக இறங்குகிறது என்று ஆட்கள் பாட்டைக் குற்றம் சொல்வார்கள். பாட்டை விடத் தேடுதல்தான் கூடச் செலவு. பிளேனில் போட்டுவிட்டுக் கேட்டால் சார்ஜ் நின்று பிடிக்கும். இடையிடையே ஒரு கோடு வந்து போகிற இடமென்றால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அந்த ஒரு கோடு யானை வரும் இரவில் தேவைப்படும். ஒன்றுமே வராத இடத்தில் எப்படியும் யானை வெடியும் தகரமும்தான் துணை.

இந்தக் குட்டி ரேடியோ ஓடும் இடம் 2400 முதல் 2483.5 மெகாஹேர்ட்ஸ் வரை. எஃப்.எம். பட்டையில் 88 முதல் 108 வரை பார்த்திருப்பீர்கள், அதைப்போல ஏறக்குறைய 24 மடங்கு மேலே. குறைந்த வலுவில் யாரும் உரிமம் எடுக்காமல் பாவிக்கலாம் என்று விடப்பட்ட பொதுக்காணி அது. பொதுக்காணி என்றால் எல்லா மாடும் மேயும். வைஃபை ரவுட்டர், வயரில்லாத மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசிவது எல்லாம் அந்தக் காணிக்குள்தான். அலையின் நீளம் பன்னிரண்டு சென்ரிமீற்றர் சொச்சம். அதில் கால்வாசி, மூன்று சென்ரிமீற்றர் போல இருந்தால் அன்ரனாவுக்குப் போதும். ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துக்கொண்டு அன்ரனாவைக் காணவில்லை என்று தேடுகிறவர்கள் உண்டு. போர்டின் ஓரத்தில் பாம்பு மாதிரி வளைந்து ஓடும் செப்புக் கோடுதான் அது. இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

நாங்கள் பாவிக்கும் ஸ்பீக்கர், ஹெட்செற் வகைகளில் பெரும்பாலானவை வெளிவிடும் வலு உச்சமாக 2.5 மில்லிவாட் என்ற வகுப்புக்குள் அடங்கும். ஒரு வாட் ரோச் லைற்றில் 400இல் ஒரு பங்கு. 100 மில்லிவாட் வரை விடும் வகுப்பும் இருக்கிறது, வீட்டுச் சாமானில் குறைவு. இவ்வளவு சின்ன வலுவை அடுத்த பக்கம் எப்படிப் பிடிக்கிறது என்றால், வந்து சேருவது ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்காக இருந்தாலும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இப்போது வரும் சிப்புகளுக்குக் காது அதைவிடக் கூர்மை. பெட்டியில் பத்து மீற்றர் என்று போட்டிருப்பது கணக்குக்கு ஒரு எண். நான் வரம்பில் நடந்து பார்த்ததில் வெட்டவெளியில் அதைத் தாண்டியும் பாடியிருக்கிறது. அதே ஸ்பீக்கரைத் தகரக் கூரையும் தகரச் சுவருமான கொட்டகைக்குள் வைத்துவிட்டுப் போனோடு வெளியே வந்தால் நாலு எட்டில் நின்றுவிட்டது. தகரம் இந்த அலையை உள்ளே விடாது, திருப்பி அடிக்கும். காய்ந்த கிடுகு வழிவிடும். மழையில் ஊறிய கிடுகு அவ்வளவாக விடாது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கடைக்கு வருகிறவர்கள் நெடுகலும் கேட்பார்கள். 1994இல் சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் போனையும் அதன் துணைச் சாமான்களையும் வயரில்லாமல் இணைக்க வேலை தொடங்கினார்கள்; அதில் முக்கியமானவர் யாப் ஹார்ட்சன் என்ற ஒல்லாந்துப் பொறியியலாளர். 1998இல் எரிக்சன், நொக்கியா, இன்ரெல், ஐ.பி.எம்., தொஷிபா ஐந்தும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆக்கின. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்டின் பட்டப்பெயர் ‘நீலப்பல்’. பிரிந்து கிடந்தவர்களை ஒன்றாக்கியவன் என்பதால் தற்காலிகமாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிவிட்டது. அவர்கள் அங்கே வயரை ஒழிக்கப் பாடுபட்ட அதே ஆண்டுகளில் நாங்கள் இங்கே டைனமோ வயரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம்.

இனி விசயத்துக்கு வருவோம். அத்தனை மாடு மேயும் காணிக்குள் இரண்டு குட்டி ரேடியோக்கள் எப்படி ஒன்றையொன்று கேட்கும்? புளூடூத் அந்தக் காணியை ஒரு மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் 79 துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு துண்டில் குந்தியிருந்து கதைப்பதில்லை, தாவிக்கொண்டே இருக்கும். சந்தை வளவில் 79 மரநிழல் என்று வையுங்கள். இரண்டு பேர் ஒரு நிழலில் ஒரு சொல் பேசி, அடுத்த கணம் வேறொரு நிழலுக்கு ஓடி அடுத்த சொல்லைப் பேசுகிறார்கள். பார்க்கிறவனுக்கு விசர் ஓட்டம். ஆனால் அடுத்தது எந்த மரம் என்று அவர்கள் இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். முன்னின்று நடத்தும் சாமான், பாட்டுக் கேட்கும்போது பெரும்பாலும் போன், தன் முகவரியையும் தன் உள் மணிக்கூட்டையும் ஸ்பீக்கருக்குச் சொல்லிவிடும். அந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் அடுத்த மரம் எது என்று இரு பக்கமும் ஒரே விடை வரும். ஒரு கணம் என்பது செக்கனில் 1600இல் ஒரு பங்கு. செக்கனுக்கு 1600 தாவல் என்று எல்லோரும் எழுதுவார்கள், அது உச்சம்தான். பாட்டு அனுப்பும்போது ஒரு பொதியே மூன்று கணம், ஐந்து கணம் எடுக்கும். அது முடியும்வரை அதே நிழலில் நிற்பார்கள்.

ஆகவே தம்பி, இவை இரண்டும் நம்பியிருப்பது சிக்னலை மட்டும் இல்லை, தங்களுக்குள் பேசி வைத்த ஒப்பந்தத்தை. எந்த நேரம் எங்கே சந்திப்பது என்பது ஒன்று. வந்தவர் சொன்னவர்தானா என்பது இன்னொன்று. என்ன அலுவலாகச் சந்திக்கிறோம் என்பதும் அதற்குள் அடக்கம். புளூடூத் பழுது என்று என் மேசைக்கு வந்தவற்றில் அந்த ரேடியோச் சிப்பே செத்துப்போனவை மிகக் குறைவு. ஒப்பந்தம் குழம்பியவைதான் கூட.

இப்போது கோயிலடிக்குப் போகலாம். 2003இல் வந்த புளூடூத் 1.2 பதிப்பிலிருந்து இவற்றுக்கு ஒரு புத்தி கூடியது. எந்த மரத்தடியில் ஏற்கெனவே வைஃபை பாய் விரித்துப் படுத்திருக்கிறது என்று பார்த்து, அந்த மரங்களைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ஒரு வைஃபை ஏறக்குறைய இருபது துண்டை மூடும். வீட்டில் ஒரு ரவுட்டர் என்றால் மிச்சம் ஐம்பது அறுபது இருக்கும், பிரச்சினையில்லை. பொங்கலன்று நாலாபக்கமும் பெடியள் ஹொட்ஸ்பொட் போட்டுக்கொண்டு நின்றால் காணி முழுக்கப் பாய்தான். குறைந்தது இருபது துண்டையாவது பாவிக்க வேண்டும் என்பது விதி, அதனால் நல்ல நிழல் இல்லாவிட்டாலும் சனத்துக்குள் முட்டி மோதித்தான் கதைக்க வேண்டும். போய்ச் சேராத பொதியைத் திரும்ப அனுப்பும். ஸ்பீக்கர் கொஞ்சப் பாட்டை முன்கூட்டிச் சேர்த்து வைத்திருப்பதால் ஒன்றிரண்டு தவறினால் காதுக்குத் தெரியாது. சேர்த்தது தீர்ந்தால்தான் அந்த விக்கல்.

அதைவிடப் பெரிய காரணம் சனம்தான் என்று நினைக்கிறேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிப்பது எங்கள் பக்கத்து மரபு. புளூடூத்துக்கோ தண்ணீர் என்றாலே பகை. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர். இந்த அலை உடம்புக்குள் புகுந்தால் சில சென்ரிமீற்றரிலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். அப்படியென்றால் வீட்டிலும் நான் குறுக்கே நிற்கிறேனே, அங்கே ஏன் பாட்டு நிற்கவில்லை என்று கேட்பீர்கள். வீட்டில் சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது. நேர்வழி அடைபட்டாலும் அவற்றில் பட்டுத் தெறித்து வேறு வழியால் வந்து சேரும். கோயில் வெளியில் தெறிக்கச் சுவரில்லை. போனைக் காற்சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்து நின்றிருப்பீர்கள், நடுவில் உங்கள் உடம்பு, அதற்கும் முன்னால் நாப்பது பேர். ஸ்பீக்கரை நிலத்தில் வேறு வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அடுத்த முறை ஸ்பீக்கரை ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கொப்பில் கட்டுங்கள், போனைப் பையில் வைக்காமல் ஸ்பீக்கருக்கு நேரே தெரியும்படி மேசையில் வையுங்கள். எனக்கென்றால் நாலு பேர் கூடும் இடத்தில் புளூடூத்தை நம்ப மனம் வராது. ஸ்பீக்கரில் ஓக்ஸ் ஓட்டை இருந்தால் சின்ன ஒரு வயர், அல்லது மெமரி கார்ட். வயருக்கு எந்த மரநிழலும் தேவையில்லை.

பக்கத்து வீட்டுப் பெடியன் விசயம் வேறு. வந்தவர் சொன்னவர்தானா என்ற ஒப்பந்தம் இது. முதல்முறை சோடி சேர்க்கும்போது, கடையில் நாங்கள் பெயார் பண்ணுவது என்போம், போனும் ஸ்பீக்கரும் தங்களுக்குள் ஒரு இரகசியத் திறப்பை உருவாக்கி இரண்டு பக்கமும் எழுதி வைக்கும். அடுத்த நாள் நீங்கள் ஒன்றும் அமத்தாமலே தானாக இணைவது அந்தத் திறப்பால்தான். முந்தி நாலு பூச்சியம் அடிக்கச் சொல்லிக் கேட்குமே, அது பழைய முறை. 2007இல் வந்த 2.1 பதிப்புக்குப் பிறகு திறப்பை உண்டாக்கும் கணக்கு மிகவும் பலமானது, பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்பவனால் அதை ஊகிக்க முடியாது. ஆனால் ஸ்பீக்கரில் எண் காட்டத் திரையும் இல்லை, எண் அடிக்கப் பொத்தானும் இல்லை. அதனால் ‘கேட்கிறவருக்கெல்லாம் சரி’ என்ற வழியில் அது சோடி சேரும். மலிவு ஸ்பீக்கர்கள் போட்டவுடன் பழைய சோடியைத் தேடும், கிடைக்காவிட்டால் வாசலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் வாருங்கள் என்று இருக்கும். பெடியன் அப்படித்தான் வந்திருக்கிறான். ஒருமுறை வந்ததால் அவனிடமும் ஒரு திறப்பு இருக்கிறது. நீங்கள் போனை எடுக்குமுன் அவன் முந்திவிடுகிறான். களவு என்று சொல்ல முடியாது, படலை திறந்து கிடந்தது.

அவன் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். ஸ்பீக்கருக்கு வந்ததால் உங்கள் போனுக்குள் இருக்கும் படமோ மெசேஜோ அவனுக்குத் தெரியாது. அவன் சோடி சேர்ந்தது ஸ்பீக்கரோடு, உங்கள் போனோடு இல்லை. அதேபோல நீங்கள் போனைக் காதில் வைத்துக் கதைப்பதும் அவனுக்குப் போகாது. இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் ஸ்பீக்கரில் மைக் இருந்தால், கோல் வந்தால் அதிலேயே கதைக்கலாம் என்ற வகை என்றால், கதை மாறும். அவன் போன் அந்த ஸ்பீக்கரோடு கதைக்கும் முறையில் இணைந்தால் அந்த அறையில் கேட்பது அவன் போனுக்குப் போகக்கூடிய வழி இருக்கிறது. அவன் அப்படிச் செய்தான் என்று நான் சொல்லவில்லை, பாட்டுப் போடும் வயதுதான் போலத் தெரிகிறது. வழி இருக்கிறது என்பதால், பாவிக்காத நேரம் ஸ்பீக்கரை நிற்பாட்டி வையுங்கள். திறப்பைப் பறிக்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் ஞாபகத்தை அழிக்க வேண்டும். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அமத்துவது என்பது மொடலுக்கு மொடல் வேறு, கூட வந்த துண்டுக் கடுதாசியில் இருக்கும். அழித்தபின் உங்கள் போனிலும் அந்த ஸ்பீக்கரின் பெயரை ‘மறந்துவிடு’ கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் மறுபக்கம் பழைய திறப்போடு நிற்கும், இணைந்த மாதிரிக் காட்டி உடனே அறுந்து போகும். கடைக்கு வரும் ‘கனெக்ட் ஆகுது, ஆனால் ஆகேல்லை’ வகை முறைப்பாடுகளில் முக்கால்வாசி இதுதான், ஸ்குரூட்ரைவர் தேவைப்படாத திருத்தம். இதற்குக் காசு வாங்கக் கூச்சமாக இருக்கும், ஒரு தேத்தண்ணியோடு முடிப்பேன்.

போனையே நேராகத் தாக்க முடியுமா என்றால், இங்கேதான் உறுதியும் சந்தேகமும் கலக்கிறது. 2017இல் புளூபோர்ன் என்ற பெயரில் வெளியான ஓட்டைகளால், சோடி சேராமலே, புளூடூத் போட்டு வைத்திருந்த போனுக்குள் பக்கத்திலிருப்பவர் புகக்கூடிய நிலை இருந்தது. 2019இல் வேறு ஆய்வாளர்கள், இணையும் நேரத்தில் குறுக்கே புகுந்து திறப்பைச் சின்னதாக்கிவிட்டால் உடைப்பது இலேசு என்று காட்டினார்கள். இரண்டுக்கும் நிறுவனங்கள் திருத்தம் அனுப்பிவிட்டன. ஆனால் எங்கள் பக்கம் புழங்கும் பழைய போன்களில் எத்தனைக்கு அந்தத் திருத்தம் வந்து சேர்ந்தது என்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் சொல்லலாம். இதைச் செய்ய அறிவும் வசதியும் வேண்டும், பாட்டுப் போடும் பெடியனால் ஆகிற காரியம் இல்லை. அதைவிட நாங்களாகவே கொடுத்துவிட்டு வருவதுதான் எனக்குக் கவலை. கொழும்புக்கு ஹயர் வானில் போகும்போது பாட்டுப் போட்டுக்கொண்டு போக வானின் செற்றோடு போனைச் சேர்ப்போம். அது தொலைபேசி எண்களைக் காட்டவா என்று கேட்கும், படிக்காமல் ஆமென்போம். வீட்டுக்காரர் எல்லோருடைய எண்ணும் அந்தச் செற்றில் ஏறிவிடும். இறங்கும்போது அழித்துவிட்டு இறங்குங்கள்.

கதைக்கும் முறை என்று மேலே சொன்னேன், அது மூன்றாவது ஒப்பந்தம், என்ன அலுவல் என்பது. பாட்டுக்கு ஒரு அலுவல் முறை, கோலுக்கு வேறொன்று. பாட்டு ஒரு பக்கமாக மட்டும் போவதால் நிறையத் தரவை அள்ளி அனுப்பலாம். எல்லா ஸ்பீக்கரும் விளங்கிக்கொள்ளும் பொதுவான சுருக்க முறையில் செக்கனுக்கு 328 கிலோபிற் வரை போகும். கோல் என்றால் போகவும் வேண்டும், வரவும் வேண்டும், தாமதிக்கவும் கூடாது. அதனால் பழைய முறையில் 64 கிலோபிற்றுக்கு இறங்கிவிடும், செக்கனுக்கு 8000 துண்டாக மட்டும் குரலை வெட்டி அனுப்பும். பாட்டு வடிவாகக் கேட்ட அதே ஹெட்செற்றில் கோல் வந்ததும் தகர டப்பாவுக்குள்ளிருந்து கதைப்பது போலக் கேட்பது இதனால்தான். ஹெட்செற் பழுதென்று கொண்டு வந்து தராதீர்கள். கைக்கடிகாரம், சுகர் பார்க்கும் கருவி போன்றவை பாவிப்பது 2010இல் 4.0 பதிப்போடு வந்த குறைசக்தி வகை. அது 79 இல்லாமல் 40 துண்டு பாவிக்கும், பெரும்பாலான நேரம் நித்திரை கொள்ளும், அதனால்தான் சின்னப் பற்றரியில் காலம் தள்ளுகிறது.

காதுக்குள் வைத்தால் மூளைக்குக் கூடாதா என்று அடுத்ததாக யாராவது கேட்பார்கள். கைத்தொலைபேசி போன்றவற்றின் ரேடியோ அலையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்’ என்ற 2பி வகுப்பில் போட்டது. உண்டாக்கும் என்று சொல்லவில்லை. பழைய 2ஜீ போன் தூரத்து டவரோடு மல்லுக்கட்டும்போது உச்சக் கணத்தில் 2 வாட் வரை விடும், 2.5 மில்லிவாட் என்பது அதில் எண்ணூறில் ஒரு பங்கு. அதற்கு மேல் சொல்ல நான் வைத்தியன் இல்லை. இரவு முழுக்க இயர்பட்டை முழுச் சத்தத்தில் வைத்தால் காது போகும் என்பதைச் சொல்ல வைத்தியன் தேவையில்லை. காவலில் இருப்பவர் காதை அடைத்துக்கொண்டு இருக்கவும் கூடாது.

கடைசியாக, கோயிலில் நடந்ததற்குச் சனமோ வைஃபையோ இல்லாமல் வேறொரு காரணமும் இருக்கலாம், அதைப் பார்க்காமல் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வீட்டில் மெதுவாக வைத்திருப்பீர்கள், கோயிலில் முழுச் சத்தம். இந்த ஸ்பீக்கர்களுக்குள் இருப்பது 3.7 வோல்ற் லிதியம் பற்றரி. அது கிழடாகிவிட்டால் பறை அடிக்கும் இடம் வரும்போது ஒரேயடியாகக் கரண்ட் இழுபட்டு வோல்ற் விழும். அந்தக் கணத்தில் புளூடூத் சிப் மயங்கி விழுந்து திரும்ப எழும்பும். இணைந்தது என்று சொல்லும் அந்த ‘டிங்’ சத்தம் பாட்டுக்கு நடுவில் திரும்பத் திரும்பக் கேட்டதென்றால் நான் பற்றரியைத்தான் சந்தேகிப்பேன். அந்தச் சத்தம் இல்லாமல் வெறுமனே விக்கியதென்றால் சனம் அல்லது வைஃபை. வீட்டில் வைத்தே பார்க்கலாம்: சார்ஜரைக் கழற்றிவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்து, முழுச் சத்தத்தில் பறை உள்ள பாட்டொன்றைப் போடுங்கள். அறுந்தால் சார்ஜரைச் செருகி அதே பாட்டைத் திரும்பப் போடுங்கள். செருகியதும் நன்றாகப் பாடினால் பற்றரி மாற்றினால் சரி.

மாற்றும்போது ஒரு கவனம். நானே ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவருக்கு இன்னும் கனநேரம் பாடட்டும் என்று பெரிய பற்றரியாகப் பார்த்துப் போட்டு, இடம் போதாமல் போர்டின் ஓரத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். அந்தப் பாம்புக் கோடு அடியில் மாட்டிக்கொண்டது. கதிரையிலிருந்து எழும்பினால் பாட்டு நிற்கும் ஸ்பீக்கர் ஆகிவிட்டது, மனிசன் இரண்டாம் நாளே திரும்பி வந்தார். எங்கே கொடுத்து மாற்றினாலும் பற்றரியை அந்தக் கோட்டிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். என்னிடம் வருவதென்றால் ஸ்பீக்கரை மட்டும் தூக்கிக்கொண்டு வராமல் போனையும் கொண்டு வாருங்கள். அது இல்லாமல் அரைவாசிப் பழுதைத்தான் நான் பார்க்கலாம்.